குடிக்காத சாமி

அங்கம்மாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது பங்குனான் மெலாத்தி என்ற கட்டடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஈரத் தரையில் செருப்போடு நடந்த ஒரு வக்கீலைத் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி நிறுத்தியவள் அவள். நான்காவது மாடிக் கழிவறையில் சிகரெட் துண்டை வீசிய இன்சூரன்ஸ் அதிகாரியை, அவரே குனிந்து எடுக்கும் வரை வாசலை மறித்துக்கொண்டு நின்றவள். "இந்தம்மாகிட்ட வாயக் குடுக்காதீங்க லா" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தச் சில்லறைக் கோபங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய கோபம் கிடந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அதை அவள் வெளியே விடவில்லை. போன மாதம்தான் விட்டாள். அதுவும் மேளச் சத்தத்தோடு, ரிப்பன் வெட்டுகிற இடத்தில், பெரிய மனிதர்களை வைத்துக்கொண்டு விட்டாள்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜொகூர் பாருவின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு மாடியோடு நிற்கிறது பங்குனான் மெலாத்தி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற காலத்தில் எழுப்பியது. ஆரம்பத்தில் அதில் இருந்தவை ரப்பர் கம்பெனிகள். செடெனாக் தோட்டத்தில் அங்கம்மாவின் அப்பா எத்தனை மரத்தில் பால் வெட்ட வேண்டும், எந்த லயத்தில் குடியிருக்க வேண்டும், எப்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ முடிவு செய்தார்கள். அந்த அப்பா ஒரு நாளாவது இந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா? இல்லை. ரப்பர் போனது. வக்கீல்களும் இன்சூரன்ஸ்காரர்களும் டியூஷன் சென்டர்களும் வந்தார்கள். பிறகு அவர்களும் பளபளப்பான புதுக் கட்டடங்களைத் தேடிப் போய்விட, மேல் மாடிகளில் புறாக்கள் குடியேறின.

இப்போது சிங்கப்பூருக்கு ரயில் வரப்போகிறது என்றதும், இத்தனை காலம் ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டடம் திடீரென்று பாரம்பரியமாகிவிட்டது. ஒரு கம்பெனி வாங்கி ஹோட்டலாக்கியது. பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழசைப் போலவே தெரிகிற புதுச் சாயத்தைப் பூசினார்கள். நன்றாக இருந்த மரக் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு எங்கிருந்தோ பழைய மரக் கதவுகளை விலைக்கு வாங்கி மாட்டினார்கள். இதற்கென்று படித்த நிபுணர்களே இருக்கிறார்கள்.

இந்தக் கட்டடத்தின் பின்சுவரைக் கழுவும்போதுதான் அங்கம்மாவின் கணவர் லெட்சுமணன் விழுந்து இறந்தார்.

லெட்சுமணன் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவருடைய அப்பா கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற அடியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பதால், குடிக்கிறவர்கள் வீட்டில் லெட்சுமணன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில் கூட்டாளிகள் கையில் கிளாஸைத் திணித்தால், பந்தியில் உட்காராமலே எழுந்து வந்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் கோப்பி ஓ. பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி, அதில் சீனியை அள்ளிப் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, வேலை செய்கிற இடத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் அங்கம்மா இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வாள்.

சுவர் கழுவுவதென்றால் அந்தக் காலத்தில் இயந்திரமெல்லாம் இல்லை. மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு வாளியும் பிரஷுமாக இறங்க வேண்டும்.

"கயிறு நூல் நூலா பிரியுது, அங்கம்மா. சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாங்க" என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னார். மறுநாள் காலையில், ஐந்தாவது மாடி உயரத்தில், அந்தக் கயிறு அறுந்தது.

அங்கம்மா ஓடி வந்தபோது பின்சந்தில் அவர் மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அந்தச் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டடத்து மேனேஜர் சாம்பசிவம் அப்போதுதான் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவரின் மகன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, சுத்தமான இங்கிலீஷ். எப்படி நடந்தது என்று போலீஸ்காரர் அவரிடம் கேட்டார். சாம்பசிவம் அதற்குச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"மாபோக்."

மலாயில் குடிபோதை என்று அர்த்தம். அவ்வளவுதான். கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அறுந்த கயிற்றைச் சாயங்காலத்துக்குள் குப்பை லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு மனிதனுடைய முப்பத்தைந்து வருட ஒழுக்கத்தை ஒரு வார்த்தையில் அழித்துவிட்டு, சாம்பசிவம் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்; விபூதி கலையாமல் பார்த்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அங்கம்மா அவருடைய அறைக்குப் போய் நின்றாள். "எங்க வீட்டுக்காரரு குடிச்சத நீங்க பாத்தீங்களா ஐயா? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டது.

சாம்பசிவம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கத்தாதை. சின்னப் பிள்ளை இருக்கு உனக்கு. இங்கயே துப்புரவு வேலை போட்டுத் தாறன். வேணுமா, வேண்டாமா?"

மகள் பிரவீனாவுக்கு அப்போது ஆறு வயது. அங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை வாங்கிக்கொண்டாள். கணவரைத் தின்ற கட்டடத்தையே தினமும் கூட்டிப் பெருக்கினாள். வேறு என்ன செய்வாள்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

திதி வந்தது. அவர் விழுந்த இடத்தில் ஒரு விளக்கேற்றி, வாழையிலையில் சோறும் பொரித்த மீனும் வைத்து, பக்கத்தில் ஒரு பை கோப்பி ஓ வைத்தாள். சந்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. விளக்கு அணையாமலிருக்க, கழிவறை மராமத்தில் மிஞ்சிக் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துச் சுவரோரமாக நிறுத்தி வைத்தாள். அன்று மத்தியானமே சந்துக் காவல்காரனான ஜாகா வந்து எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டான், செங்கல்லைத் தவிர. அவனுக்கு மேலிடத்து உத்தரவு. அடுத்த மாத அமாவாசைக்கு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் கூட்டித் தள்ளினார்கள்.

அப்புறம்தான் அந்த வேடிக்கை நடந்தது. சுவரோரம் ஒரு செங்கல், அதில் எண்ணெய்க் கறை, பக்கத்தில் காய்ந்த பூ. நம் ஆட்கள் இதைப் பார்த்தால் சும்மா போவார்களா? இரண்டாவது மாடி வக்கீலின் டிரைவர் அதைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுவாரம் யாரோ மஞ்சள் பூசினார்கள். அடுத்த வாரம் சிவப்புத் துணி. பிறகு ஒரு சின்னச் சூலாயுதம். "முனியாண்டி சாமி லா, சக்தியானது" என்று பேச்சு பரவியது. யாரோ ஒருவனுக்கு நாலு நம்பர் லாட்டரியில் பரிசு விழுந்துவிட, வெள்ளிக்கிழமைகளில் சந்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முனியாண்டிக்கு என்ன படைப்பார்கள்? சுருட்டும் ஸ்டவுட்டும். கறுப்பு பீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கினார்கள்.

வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் படாத மனிதருக்கு முன்னால் பீர் பாட்டில்கள்! மறுநாள் காலையில் அங்கம்மா யாரும் வருவதற்கு முன்பே வந்து அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, காலிப் பாட்டில்களைக் குப்பையில் போடுவாள். சாமி குடித்துவிட்டது என்று ஜனங்கள் இன்னும் பக்தியோடு இன்னும் பாட்டில் வாங்கி வந்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னால் என்ன ஆகும்? செத்துப்போன கூலிக்காரனுக்கு விளக்கு வைத்தால் கூட்டித் தள்ளுவார்கள். சாமி என்றால் தொட மாட்டார்கள். சூலாயுதம் வந்த நாளிலிருந்து ஜாகா அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட எடுத்துப் போகவில்லை. திதிக்குத் திதி அவள் நிம்மதியாகப் படையல் வைத்தாள். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருடம் சாம்பசிவத்துக்கு முட்டி வீங்கி, படியேற முடியாமல் போனது. "இதெல்லாம் காட்டுச் சாமி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காத நேரம் பார்த்து சந்துக்கு வந்தார். சூடம் ஏற்றினார். வீங்கிய முட்டியோடு முனகிக்கொண்டே குனிந்து, அந்தச் செங்கல்லின் முன்னால் தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டார். வாளியோடு பின்கதவில் நின்று அங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி தேறியது. அதற்கப்புறம் வெள்ளி தவறாமல் வந்தார். மகளுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்க வேண்டும் என்று அதே இடத்தில் வேண்டிக்கொண்டார். யார் பேரில் குடிகாரன் என்று பழி போட்டாரோ அவர் காலடியில் வாரா வாரம் விழுந்துகொண்டிருக்கிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. ஒரு துப்புரவுத் தொழிலாளி எந்த இடத்தில் செத்தான் என்பதை அவர் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்? விழட்டும், நன்றாக விழட்டும் என்று அங்கம்மா தரையை அழுத்தித் துடைப்பாள்.

வெளியே இவ்வளவு வீறாப்பாக இருந்தவள் தோற்றுப்போனது ஒரே ஓர் ஆளிடம். அது பெற்ற மகள்.

பள்ளிக்கூடத்தில் பிரவீனாவைக் குடிகாரன் மகள் என்றார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். "உங்கப்பா குடிக்கவே மாட்டாருடி" என்று அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். சின்ன வயதில் அவள் நம்பினாள். வளர வளர நம்புவதை நிறுத்திவிட்டாள். செத்துப்போன புருஷனைப் பற்றி எல்லா அம்மாக்களும் இப்படித்தான் பூசி மெழுகுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது அவள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். ஒரு வரன் வந்தது. பையன் எப்போதாவது பீர் குடிப்பான் என்று கேள்விப்பட்டதும் மறுத்துவிட்டாள்.

"எங்கம்மா பட்டது போதும். அப்பா மாதிரி ஒருத்தரு எனக்கு வேணாம்" என்றாள். அங்கம்மாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கட்டடத்தை மூடினார்கள். அங்கம்மாவுக்கு வேலை போனது. ஹோட்டல் வேலை முடிகிற சமயத்தில் ஒரு நாள், அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கட்டடத்தின் பாரம்பரியத்தைப் பாதுகாக்கிற பொறுப்பை கம்பெனி அவளிடம்தான் கொடுத்திருந்தது. பெயர் சுகந்தினி. சாம்பசிவத்தின் மகள். யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்த அதே மகள்.

"ஆன்ட்டி, பின்னால இருக்குற கோயில நாங்க இடிக்கல. அப்படியே வெச்சிருக்கோம். கண்ணாடி போட்டு, லைட்டெல்லாம் போட்டிருக்கோம்" என்றாள் சந்தோஷமாக. "நீங்கதான் ரொம்ப வருசமா அதப் பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. திறப்பு விழாவுக்கு நீங்க வந்து முதல் படையல் வைக்கணும்."

கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. மரியாதையாகத்தான் பேசினாள். அங்கம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் எப்பவும் வைக்குற மாதிரி வெச்சுக்கலாமா?"

"கண்டிப்பா ஆன்ட்டி."

"அப்ப வர்றேன்" என்றாள் அங்கம்மா. கண்ணாடிக்குள்ளேயோ வெளியேயோ, அவர் விழுந்த இடத்தில் ஒரு பை கோப்பி வைக்க விடுகிறார்களே, அது போதும் என்று நினைத்தாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பிரவீனாதான் தன் மைவி காரில் அழைத்துப் போனாள். வழியில் கோப்பிக்கடையில் நிறுத்தச் சொல்லி அங்கம்மா ஒரு கோப்பி ஓ பொங்குஸ், பையில் கட்டி வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கோப்பியா? பீருல்ல வாங்கி வெக்கணும்" என்றாள் பிரவீனா. கேலியாகத்தான் சொன்னாள். அங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்சந்து அடையாளமே தெரியவில்லை. சாக்கடையை மூடி, கல் பதித்து, வட்ட வட்டமாக மேசை போட்டிருந்தார்கள். மாலையில் அங்கே மதுக்கடை நடக்குமாம். சுவரோரத்தில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், புதுப் பட்டுத்துணி கட்டிக்கொண்டு அந்தச் செங்கல் நின்றது. கீழே மூன்று மொழியில் பலகை: மெலாத்தியின் காவல் தெய்வம். தினமும் சாயங்காலம் மதுக்கடை திறப்பதற்கு முன், ஊழியர் ஒருவர் காவல் தெய்வத்துக்கு ஒரு பாட்டில் ஸ்டவுட் படைப்பார் என்றும், விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது.

அங்கம்மா அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

நாதஸ்வரம், மேளம், சூட் போட்ட கம்பெனிக்காரர்கள், கேமராக்கள். முன்வரிசை நாற்காலியில் சாம்பசிவம். எண்பதை நெருங்கிவிட்டார், கையில் தடி, நெற்றியில் அதே விபூதி. பழைய மேனேஜர் என்ற முறையில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தெய்வம் என்ரை கனவில வந்தது" என்றார். "இந்தக் கட்டடத்தை நான் காப்பன், எனக்கு ஒரு இடம் குடு எண்டு கேட்டது. அடுத்த நாளே நான்தான் இந்த இடத்தில கல்லு வைக்கச் சொன்னனான். அந்த நாள் தொடக்கம் இந்தக் கட்டடத்தில ஒரு உயிருக்கும் ஒரு சேதமும் இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். சுகந்தினி புன்னகையோடு ஒரு வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து அங்கம்மாவின் கையில் கொடுத்தாள். தட்டில் பூவும் சுருட்டும், நடுவில் குளிரக் குளிர ஒரு ஸ்டவுட் பாட்டிலும் இருந்தன.

"என்னம்மா இது? எப்பவும் வைக்குற மாதிரி வெக்கலாம்னு சொன்னீங்களே."

"முனியாண்டிக்கு இதானே ஆன்ட்டி வைப்பாங்க?"

அங்கம்மா பாட்டிலைத் தட்டிலிருந்து எடுத்தாள். நேராகச் சாம்பசிவத்தின் நாற்காலிக்குப் போனாள். பாட்டிலை அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க ஐயா. நீங்க குடிங்க. அவரு குடிக்க மாட்டாரு."

மேளம் நின்றது. சாம்பசிவம் மடியிலிருந்த பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன விளையாட்டு இது? ஆர் குடிக்க மாட்டார்?"

"லெட்சுமணன்."

"ஆர் லெட்சுமணன்?"

அதுதான் அவளைக் கிளப்பியது. பழி போட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. பழி போட்டவனுக்குப் பேரே மறந்துபோயிருக்கிறது! இருபது வருடங்களுக்கு மேலாகத் தரையோடு தரையாகத் தேய்த்து வைத்திருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்தது.

"ஆர் லெட்சுமணனா? இதோ, இந்த எடத்துல, சாக்க மூடிக்கிட்டுக் கெடந்தாரே, அந்த லெட்சுமணன்! போலீஸ்காரருகிட்ட மாபோக்குன்னு சொன்னீங்களே, அந்த லெட்சுமணன்! கனவுல சாமி வந்துச்சா ஒங்களுக்கு? எந்த சாமி ஐயா வந்துச்சு? அந்தச் செங்கல்ல நான் வெச்சேன். கக்கூசு கட்டுன மிச்சச் செங்கல்லு. எங்க வீட்டுக்காரரு விழுந்து செத்த எடத்துல, வெளக்கு அணையக் கூடாதுன்னு காத்துக்கு மறைப்பா நான் வெச்சேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து விழுந்து கும்புட்டீங்களே, யாருன்னு நெனச்சீங்க? அவரத்தான் கும்புட்டீங்க! ஒங்க முட்டிக்கும் ஒங்க மக படிப்புக்கும் அவருகிட்டத்தான் கைய நீட்டுனீங்க!"

கேமராக்காரன்கூட எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் நின்றான். சாம்பசிவத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு உயிருக்கும் சேதமில்லையாம்!" என்றாள் அங்கம்மா கூட்டத்தைப் பார்த்து. "குடிக்காத மனுசனக் குடிகாரன்னு சொல்லிக் கொன்னீங்க. இப்ப சாமின்னு சொல்லித் தெனம் பீர் ஊத்தப் போறீங்க. அதப் பாத்துக்கிட்டு எல்லாரும் ஒக்காந்து குடிக்கப் போறீங்க. ஒங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

சுகந்தினி அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். "அப்பா, அந்த ஆள் குடிச்சிருந்தாரா?"

சாம்பசிவம் மகளைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த செங்கல்லைப் பார்த்தார். இத்தனை வருடம் சூடம் ஏற்றிக் கும்பிட்டது அவர் கண்ணில் தெரிந்தது, பயம் தெரிந்தது. போலீஸுக்குப் பயப்படாத மனிதர் செங்கல்லுக்குப் பயந்தார். மடியிலிருந்த பாட்டில் சரிந்து கல் தரையில் உடைந்து, நுரை அவருடைய செருப்பை நனைத்தது.

"கயிறு பழசு, பிள்ளை" என்றார். "மாத்தித் தரச் சொல்லி மேல கேட்டனான். தரேல்லை. அவன் குடிக்கேல்லை."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள் அங்கம்மா. ஒரு மன்னிப்பாவது கேட்டாரா என்றால், இல்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

அங்கம்மா போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். சூலாயுதத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பட்டுத்துணியை உருவிக் கீழே போட்டாள். செங்கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சூட் போட்ட ஒருவர் பதறி ஓடி வந்தார். "அம்மா, அது ஹோட்டலுக்குச் சொந்தமானது. அங்கேயே வெச்சிடுங்க" என்றார். இரண்டு காவல்காரர்களைக் கை காட்டி ஏவினார். அவர்கள் முன்னே வந்தார்கள். செங்கல்லைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்கள்.

"வெறும் செங்கல்லுன்னு இப்பதான தொண்ட கிழியக் கத்துனேன்! புடுங்குறவன் வந்து புடுங்கு பாப்போம்" என்றாள் அங்கம்மா. ஒருவரும் கிட்டே வரவில்லை. சூட் போட்டவரும் ஓர் அடி பின்னால் போனார். மனிதன் என்று சொன்னபோது மதிக்காதவர்கள், இல்லாத சாமிக்குப் பயந்து வழி விட்டார்கள். அவள் அந்த வழியாகவே வெளியே வந்தாள்.

கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் பிரவீனா பின்னாலேயே வந்தாள். அங்கம்மா முன்சீட்டில் உட்கார்ந்து செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் வாங்கிய கோப்பிப் பை எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. வழியில் அதே கோப்பிக்கடை வந்தது. சொல்லாமலே பிரவீனா காரை நிறுத்தி இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பை கோப்பி ஓ இருந்தது.

"சீனி நெறையப் போடச் சொன்னேன்ம்மா" என்று செங்கல்லின் மேல் அதை வைத்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்பா குடிக்கவே இல்லியா?"

அங்கம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். இவளாவது கோபத்துக்குத் தப்புவாள் என்று நினைத்தால், தப்பவில்லை.

"இத்தன வருசமா நான் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன், நம்பல நீ. அந்தாளு ஒரு வார்த்த சொன்னதும் நம்பிட்டியா?"

பிரவீனா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினாள். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. அங்கம்மா ஒரு கையால் கோப்பிப் பை சாயாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மகளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் அந்தக் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"அழுதது போதும், வண்டிய எடு. உங்கப்பாவுக்குக் கோப்பி ஆறிடும்."